வீட்டில் பீல்-ஆஃப் மாஸ்க்: எங்கே தப்புகிறது, எப்படிச் சரிசெய்வது

பார்லரில் இருபது நிமிடம் கழித்து ஒரே துண்டாக உரித்து எடுக்கும் அந்த மாஸ்க், வீட்டுக்கு வந்ததும் வேறு மாதிரி நடந்துகொள்கிறது. கிண்ணத்திலேயே கெட்டியாகிவிடும். இல்லையென்றால் காது மடல் வரை வழியும். இல்லையென்றால் தோலோடு ஒட்டிக்கொண்டு உரிக்கும்போது உயிர் போகும். கை பழகாததுதான் காரணம் என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் காரணம் கை அல்ல. தண்ணீர், வெக்கை, காற்றில் உள்ள ஈரம். சென்னையில் இந்த மூன்றுமே சற்று அதிகம்.

அறிகுறிகளுக்குப் போகும் முன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். 'பீல்-ஆஃப்' என்ற ஒரே பெயரில் கடையில் இரண்டு பொருள்கள் விற்கின்றன. இரண்டுக்கும் வைத்தியம் நேர் எதிர்.

ஒன்று பொடி. ரப்பர் மாஸ்க், ஜெல்லி மாஸ்க் என்று கேட்டால் கொடுப்பார்கள். கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட், கால்சியம் சல்பேட், உறைவதைக் கொஞ்சம் தாமதப்படுத்தும் ஒரு பாஸ்பேட் உப்பு, மீதி டயட்டம் மண் என்னும் நிரப்பி. பல் மருத்துவர் வாயில் அச்சு எடுக்கும் பொருளும் அடிப்படையில் இதேதான். தண்ணீர் பட்டதும் கால்சியம் கரைந்து ஆல்ஜினேட்டைப் பிணைக்கிறது. கலவை ரப்பராக உறைகிறது. இது உலரக் கூடாது. ஈரம் இருக்கும்போதே கழற்ற வேண்டும்.

மற்றொன்று ட்யூபில் வரும் ஜெல். கரி கலந்த கறுப்பு மாஸ்க், ஆரஞ்சு வாசனை அடிக்கும் ஜெல் எல்லாம் இந்த வகை. இதில் இருப்பது பாலிவினைல் ஆல்கஹால் என்ற பாலிமரும் தண்ணீரும். பலவற்றில் சீக்கிரம் காய்வதற்காகச் சாராயமும். இதில் எந்த உறைதலும் நடப்பதில்லை. நீர் ஆவியாகிப் போக, மிச்சம் பிளாஸ்டிக் படலமாகிறது. இது முழுக்க உலர வேண்டும்.

பொடி மாஸ்க் உறைய வேண்டியது, ஜெல் மாஸ்க் உலர வேண்டியது. கீழே வரும் எல்லாமே இந்த வித்தியாசத்திலிருந்துதான் வருகின்றன.

பொடி மாஸ்க்

கிண்ணத்திலேயே கெட்டியாகிவிடுகிறது

அதிகம் வரும் புகார் இதுதான். பொடியைக் கலக்கி, கன்னத்தில் இரண்டு இழுப்பு இழுப்பதற்குள் கலவை கட்டியாகி, ஸ்பேச்சுலாவோடு சேர்ந்து மேலே வருகிறது.

சாதாரணமாக ஒரு நல்ல பொடி, கலக்க ஒரு நிமிடமும் பூச இரண்டு மூன்று நிமிடமும் அவகாசம் தரும். அது குறைந்தால் முதலில் தண்ணீரைச் சந்தேகியுங்கள்.

போர் தண்ணீர் சென்னையில் பல பகுதிகளில் கடின நீர். பக்கெட் ஓரத்தில் வெள்ளைப் படிவம், கீசரில் உப்பு, சோப்பு நுரைக்காமை எல்லாம் அதன் அடையாளம். அந்தப் படிவத்தில் இருப்பது கால்சியமும் மக்னீசியமும். மாஸ்க் பொடியில் கால்சியத்தைத் தயாரிப்பாளர் அளந்து போட்டிருக்கிறார். தாமதப்படுத்தும் உப்பையும் அதற்கேற்ப அளந்திருக்கிறார். குழாய்த் தண்ணீரின் கால்சியம் அந்தத் தாமத உப்பை முதலிலேயே தின்றுவிடுகிறது. அப்புறம் உறைவதைத் தடுக்க எதுவும் இல்லை.

இரண்டாவது சந்தேகம், வெப்பம். பொடி மாஸ்க்குக்கு 20 முதல் 24 டிகிரி செல்சியஸ் தண்ணீர் உகந்தது. சூடு ஏற ஏற உறைதல் வேகமாகிறது. அக்னி நட்சத்திரத்தில் மொட்டை மாடி டேங்கிலிருந்து மத்தியானம் வரும் தண்ணீரில் கை வைத்தாலே சுடும். அதில் கலக்கினால் நல்ல பொடியும் நிமிடத்துக்குள் உறைந்துவிடும். அறையில் வைத்த கேன் தண்ணீரும் மே மாதத்தில் 30 டிகிரிக்கு மேல்தான் இருக்கும்.

எது காரணம் என்று கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். மூன்று சின்ன கப் எடுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு டீஸ்பூன் பொடி. முதலாவதில் ஒரு டீஸ்பூன் குழாய்த் தண்ணீர் (சூடாக வந்தால் அறையில் ஆறவைத்தது), இரண்டாவதில் அதே அளவு கேன் தண்ணீர், மூன்றாவதில் கேன் தண்ணீரோடு கொஞ்சம் ஃபிரிட்ஜ் தண்ணீர் கலந்தது. ஒவ்வொன்றையும் ஒரே மாதிரி அரை நிமிடம் கலக்கி, போன் கடிகாரத்தைப் பாருங்கள். விரல் நுனியால் தொட்டால் ஒட்டாமல் வரும் நேரம்தான் உறைந்த நேரம். முதல் கப் மட்டும் முந்தினால் தண்ணீரின் கடினம் காரணம். முதல் இரண்டும் முந்தி, மூன்றாவது நிதானமாக இருந்தால் வெப்பம். மூன்றுமே ஒரே வேகத்தில் உறைந்தால் பொடியின் குணமே அப்படி. அதற்கு ஃபிரிட்ஜ் தண்ணீரின் பங்கைக் கூட்டிப் பாருங்கள்.

கேன் தண்ணீரோ வீட்டு ஆர்ஓ தண்ணீரோ இரண்டு பங்கு, ஃபிரிட்ஜ் தண்ணீர் ஒரு பங்கு. கோடையில் இந்தக் கலவை பெரும்பாலான வீடுகளுக்கு ஒத்துவரும். ஐஸ் கட்டியை நேராகப் போடாதீர்கள். உறைதல் மிகவும் இழுத்துக்கொண்டு போய், முகத்தில் வழியும்.

கலவை கெட்டியாகத் தொடங்கிய பிறகு இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி மீட்க முடியாது. உருவான பிணைப்பு உடைந்து, துகள் துகளாகப் பிரியும். அதைப் பூசினால் ஒரே தாளாக வராது. கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். கிண்ணத்தைத் துடைத்துவிட்டுக் கலக்குவது முக்கியம், பழைய துணுக்குகள் புதுக் கலவையில் கட்டியாக நிற்கும்.

வழிகிறது, உறையவே மாட்டேன் என்கிறது

முகம் முழுக்கப் போட 30 கிராம் பொடிக்கு 80 முதல் 100 மில்லி தண்ணீர். பொடி லேசானது என்பதால் கப்பில் அளந்தால் ஏறக்குறைய ஒரு கப்புக்கு ஒரு கப். பாக்கெட்டில் வேறு அளவு போட்டிருந்தால் அதுதான் சரி. நிறுவனத்துக்கு நிறுவனம் நிரப்பியின் அளவு மாறும். கண்ணளவு வேண்டாம். சமையலறைத் தராசு இருந்தால் நல்லது.

பதம் இட்லி மாவு. ஸ்பேச்சுலாவைத் தூக்கினால் கலவை பட்டையாக இறங்கி, கிண்ணத்தில் விழுந்த தடம் ஒரு நொடி நின்று கலைய வேண்டும். விழுந்ததும் மறைந்தால் தண்ணீர் அதிகம். பட்டையாக இறங்காமல் தொப்பென்று விழுந்தால் பொடி அதிகம்.

அளவு சரியாக இருந்தும் பத்து நிமிடம் ஆகியும் உறையவில்லை என்றால் பொடி ஈரம் வாங்கியிருக்கிறது. திறந்த பாக்கெட்டை ரப்பர் பேண்டு போட்டு பாத்ரூம் அலமாரியில் வைத்தால், ஐப்பசி மழைக்குள் அது கெட்டுப்போகும். கட்டி கட்டியாக இருக்கும் பொடியைச் சலித்துப் பயன்படுத்தலாமா என்றால், வேண்டாம். பாதி வினை ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கும்.

இன்னொரு காரணம் பலருக்குத் தெரியாது. டப்பாவில் நாளாக நாளாகக் கனமான துகள்கள் அடியிலும் லேசானவை மேலேயும் தங்கிவிடும். மேலாக அள்ளும் பொடிக்கும் அடியில் அள்ளும் பொடிக்கும் குணம் வேறாகிவிடும். மூடியை இறுக்கி, டப்பாவை நாலைந்து முறை மெல்லத் தலைகீழாகத் திருப்பி, தூசி அடங்க ஒரு நிமிடம் விட்டு, பிறகு திறந்து அள்ளுங்கள். திறந்ததும் முகத்தை டப்பாவுக்கு மேல் கொண்டுபோகாதீர்கள். டயட்டம் மண்ணின் தூசி மூச்சுக்குழலுக்கு நல்லதல்ல. ஆஸ்துமா உள்ளவர்கள் இருக்கும் அறையில் கலக்காதீர்கள். கலக்கும்போது ஃபேனை நிறுத்திவிடுங்கள்.

கட்டிகளும் குமிழ்களும்

கிண்ணத்தில் முதலில் பொடி, அதன் மேல் தண்ணீர் முழுவதையும் ஒரே ஊற்றாக. கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் முதலில் நனைந்த பகுதி முதலில் உறையத் தொடங்கும், அதுதான் கட்டி. முட்டை அடிப்பது போல அடித்தால் காற்று புகும். ஸ்பேச்சுலாவின் பட்டையான பக்கத்தைக் கிண்ணத்தின் சுவரோடு அழுத்தி, கிண்ணத்தைச் சுழற்றிக்கொண்டே தேயுங்கள். பார்லர்களில் மெத்தென்ற ரப்பர் கிண்ணம் வைத்திருப்பது இதற்காகத்தான். அமுங்காத ஸ்டீல் கிண்ணத்தில் இந்தத் தேய்ப்பு சரியாக வராது. நாற்பது நொடி போதும். வழவழப்பாக ஆக வேண்டுமென்று இரண்டு நிமிடம் கலக்கினால் பூசும் நேரம் போய்விடும்.

ஓரம் நொறுங்குகிறது, துண்டு துண்டாக வருகிறது

ஒரே தாளாக உரிய, ஓரம் நடுவை விடக் கனமாக இருக்க வேண்டும். வீட்டில் எல்லோரும் தலைகீழாகச் செய்கிறார்கள். நடுவில் குவித்து, ஓரத்துக்கு வரும்போது கலவை தீர்ந்துபோய், காகிதம் போல மெலிதாக இழுத்துவிடுகிறார்கள். அந்த மெல்லிய ஓரம் பத்து நிமிடத்தில் காய்ந்து தோலைப் பிடித்துக்கொள்கிறது.

முதலில் தாடைக்கோடு, கன்ன ஓரம், நெற்றி ஓரம் என்று சுற்றிலும் வரம்பு கட்டுங்கள். 4 அல்லது 5 மில்லிமீட்டர் கனம். பிறகு உள்ளே நிரப்புங்கள். உள்ளே 3 மில்லிமீட்டர் போதும். கண்ணைச் சுற்றி ஒரு விரல் அகலம் விடுங்கள். பார்லரில் கண்ணையும் உதட்டையும் மூடிப் போடுவார்கள். அங்கே பக்கத்தில் ஒரு ஆள் நிற்கிறார். வீட்டில் தனியாக இருக்கும்போது கண்ணும் வாயும் மூக்குத் துளையும் திறந்தே இருக்கட்டும்.

படுத்துக்கொண்டு போடுவது நல்லது. உட்கார்ந்து போட்டால் ஈர்ப்பு எல்லாவற்றையும் தாடையில் சேர்க்கும். தலைக்கு மேல் ஃபேன் முழு வேகத்தில் சுற்றினால் ஓரம் காயும், வேகத்தைக் குறையுங்கள்.

15 முதல் 20 நிமிடம் கழித்துத் தாடை ஓரத்தில் ஆட்காட்டி விரலை வையுங்கள். பிசுபிசுப்பு இல்லாமல், அமுக்கிய குழி உடனே மீண்டு எழுந்தால் தயார். அரை மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள். கழற்றும் முன் ஒருமுறை வாயைத் திறந்து, கன்னத்தை உப்பி, நெற்றியைச் சுருக்குங்கள். மாஸ்க் தோலிலிருந்து தானே விட்டுக்கொடுக்கும். அப்புறம் தாடை ஓரத்திலிருந்து இரண்டு கையாலும் மேல் நோக்கிச் சுருட்டுங்கள். ஓரம் எங்காவது காய்ந்து ஒட்டியிருந்தால் பிய்க்காமல் ஈரப் பஞ்சால் ஒற்றி எடுங்கள்.

புருவத்திலும் முன்முடியிலும் சிக்கிவிட்டது

உறைந்த ஆல்ஜினேட் தண்ணீரில் கரையாது. அதனால் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவது வீண், முடிதான் உதிரும். விரல்களுக்கு இடையில் அதைக் கசக்கிச் சின்னச் சின்னத் துணுக்குகளாக உடையுங்கள். தேங்காய் எண்ணெயோ கண்டிஷனரோ தடவி, அடர்த்தியான பல் உள்ள சீப்பால் முடி வளரும் திசையில் சீவி எடுங்கள்.

அடுத்த முறை புருவம், கிருதா, முன்நெற்றி முடியோரம் எல்லாவற்றிலும் பெட்ரோலியம் ஜெல்லியை வெளிச்சத்தில் பளபளக்கும் அளவுக்குத் தடவிவிட்டு, தலைக்கு ஹேர் பேண்டு போட்டுத் தொடங்குங்கள். தாடி வைத்திருப்பவர்கள் கன்ன எலும்புக்கு மேல் மட்டும் போடுவதே சரி.

சிங்க் அடைத்துக்கொண்டது

மிச்சக் கலவையைச் சிங்க்கில் ஊற்றிக் கழுவினால் அது குழாய்க்குள் போய் உறையும். வெந்நீர் ஊற்றினால் இன்னும் சீக்கிரம் உறையும். ஆசிட் அதைக் கரைக்காது. சிங்க்குக்கு அடியில் இருக்கும் பாட்டில் ட்ராப்பைத் திருகிக் கழற்றி, கையால் எடுப்பதுதான் வழி. இனிமேல் கிண்ணத்தை அப்படியே விடுங்கள். பத்து நிமிடத்தில் மிச்சமும் உறைந்து, அமுக்கினால் கழன்று வரும். அதைக் குப்பையில் போடுங்கள்.

ஜெல் மாஸ்க்

நாற்பது நிமிடமாகியும் காயவில்லை

ட்யூபில் '15 முதல் 20 நிமிடம்' என்று போட்டிருப்பது உலர்ந்த காற்றுக்கான கணக்கு. கடலோர ஊரில், அதுவும் வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, காற்றே தண்ணீரில் ஊறியிருக்கிறது. மாஸ்க்கிலிருந்து நீர் எங்கே போகும்? கோடையில் வேறு சிக்கல்: மேலே ஜெல் காயும்போது அடியில் வியர்வை சுரக்கிறது. மேலுதடு, மூக்கின் இரு பக்கம், நெற்றி மூன்றும் முதலில் கெடும்.

ஏசி இருந்தால் டிரை மோடில் பத்து நிமிடம் முன்னதாகவே ஓட விட்டு, அறை உலர்ந்த பிறகு மாஸ்க் போடுங்கள். டிரை மோடு இல்லாவிட்டால் 25 டிகிரி. ஏசி இல்லாத வீட்டில், குளித்ததும் போடாதீர்கள். குளித்து அரை மணி கழித்து, வியர்வை அடங்கிய பிறகு. ஃபேன் ஓடலாம், ஆனால் டேபிள் ஃபேனை முகத்துக்கு நேரே வைக்காதீர்கள். மேல்பரப்பு மட்டும் படலமாகி, அடியில் உள்ள நீருக்கு வெளியேற வழியில்லாமல் போய்விடும். தொட்டால் காய்ந்தது போல இருக்கும். உரித்தால் அடியில் கொழகொழப்பு. ஹேர் டிரையருக்கும் இதே பதில்.

பூச்சின் கனம் 1 மில்லிமீட்டர் இருந்தால் நல்லது. பூசியதும் தோலின் நிறம் மங்கலாகத் தெரிய வேண்டும், ரோமக்கால்கள் தெரியக் கூடாது. கறுப்பு மாஸ்க்கில், தோல் எங்கும் தெரியாமல் ஒரே கறுப்பாக இருந்தால் சரி; விரலால் கோடு இழுத்தால் மேடு எழும்பினால் அதிகம்.

உரிக்கும்போது நூல் நூலாகப் பிய்கிறது

மெலிதாகப் பூசியது காரணம், இல்லையென்றால் சீராகப் பூசாதது. விரலால் பூசினால் கோடு கோடாக மேடும் பள்ளமும் வரும், பள்ளத்தில் கிழியும். தட்டையான பிரஷ் நல்லது. ஒரே திசையில் இழுங்கள்; காயத் தொடங்கிய இடத்துக்குத் திரும்பிப் போய்த் திருத்தாதீர்கள்.

பேச்சும் சிரிப்பும் வாயோரத்தில் விரிசல் விடச் செய்யும். போன் பேசுவதை அந்த அரை மணிக்குத் தள்ளிப்போடுங்கள்.

ஒட்டிய மிச்சத்தை நகத்தால் சுரண்ட வேண்டாம். இது பொடி மாஸ்க் மாதிரி அல்ல, தண்ணீரில் கரையும். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துண்டை இரண்டு மூன்று நிமிடம் முகத்தில் வைத்திருந்தால் இளகிவிடும், துடைத்தால் போதும்.

மூக்கில் மட்டும் ஒட்டவில்லை

எண்ணெய்ப் பசை. மாஸ்க்குக்கு முன் ஃபேஸ்வாஷ் போட்டுக் கழுவி, நன்றாக ஒற்றித் துடையுங்கள். முன்னதாக மாய்ஸ்சரைசர், சீரம், சன்ஸ்கிரீன் எதுவும் கூடாது.

உரித்தால் உயிர் போகிறது

நிறுத்துங்கள். இதுதான் முதல் வழிமுறை. வலி தெரிந்தும் 'ஒரே இழுப்பில் முடித்துவிடலாம்' என்று இழுப்பதுதான் பெரிய சேதத்தைச் செய்கிறது. மேலே சொன்ன ஈரத்துண்டைப் போட்டு, கரைத்து எடுங்கள். அந்த மாஸ்க் வீணாகப் போனால் போகட்டும்.

வலிக்கு மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது பூனைமுடி. கன்னம், மேலுதடு, கிருதா ஓரம் ஆகிய இடங்களில் படலம் முடியைப் பிடித்துக்கொள்கிறது. அங்கே ஜெல் வேண்டாம். நெற்றி, மூக்கு, முகவாய் மட்டும் போடுங்கள். உரிக்கும் திசையும் முக்கியம்: முடி வளரும் பக்கமாக, தோலுக்கு இணையாகத் தாழ்த்தி, ஒரு கையால் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு. தோலிலிருந்து நேர் மேலே இழுத்தால் தோலும் கூடவே எழும்பும்.

இரண்டாவது, ஜெல்லே அல்லாத ஒன்று. வீடியோ பார்த்து, கரித்தூளோடு மரவேலைப் பசையைக் கலந்து மாஸ்க் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். மரவேலைப் பசையில் இருப்பது பாலிவினைல் அசிடேட். பெயர் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் பொருள் வேறு. முகத்துக்காகச் சோதிக்கப்பட்டதும் அல்ல. காய்ந்தபின் தண்ணீரில் லேசில் கரையாது. தோலின் மேலடுக்கோடுதான் வரும். உடனடிப் பசை இன்னும் மோசம். இதைத் தயவுசெய்து யாருக்கும் சொல்லித் தராதீர்கள்.

மூன்றாவது, தோலே பலவீனமாக இருப்பது. பருவுக்காக ட்ரெட்டினாயின், அடாபலீன் க்ரீம் தடவுகிறவர்களுக்கு, ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு, மேலடுக்கு மெலிந்திருக்கும். ஜெல் மாஸ்க்கே கூடாது. இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நிறம் கொடுக்கும் என்று மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கித் தடவும் சில க்ரீம்களில் மொமெட்டாசோன், பீட்டாமெத்தாசோன், க்ளோபெட்டசால் போன்ற ஸ்டீராய்டு இருக்கிறது. மாதக்கணக்கில் தடவிய முகத்தில் தோல் மெலிந்து, மெல்லிய ரத்தக் குழாய்கள் சிவந்து தெரியும். ட்யூபின் பின்பக்கத்தில் இந்தப் பெயர்களில் ஒன்று இருந்தால், மாஸ்க்கை ஒதுக்கிவைத்துவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள். க்ரீமைத் தடாலென்று நிறுத்தினாலும் முகம் கொதிக்கும், அதனால் அவர் சொல்லும் முறையில் நிறுத்துங்கள்.

வாக்ஸிங், த்ரெடிங், பிளீச் முடிந்து இரண்டு நாள், வெயிலில் கன்றிய முகம், சீழ் வைத்த பரு, வேனல் கட்டி, எக்ஸிமா ஆகியவை இருக்கும்போது எந்தப் பீல்-ஆஃப் மாஸ்க்கும் வேண்டாம். கல்யாணத்துக்கு முதல் நாள் புது மாஸ்க்கைச் சோதிப்பதும் வேண்டாம்.

ட்யூபிலேயே கெட்டியாகிவிட்டது

சாராயமும் நீரும் ஆவியாகிவிட்டன. ரோஸ் வாட்டர் கலந்து இளக்கினால் படலம் பலவீனமாகும், கெடாமல் காக்கும் மருந்தும் நீர்த்துப்போகும். தூக்கிப் போடுங்கள்.

தோல் சொல்லும் அறிகுறிகள்

எரிகிறது

ஜெல் பூசிய முதல் நிமிடத்தில் சுருக்கென்று ஒரு குளிர்ச்சி வந்து அடங்கினால் அது சாராயம். அடங்காமல் கூடிக்கொண்டே போனால், அரிப்பு சேர்ந்தால், நேரம் பார்க்காமல் கழுவிவிடுங்கள். ஜெல்லாக இருந்தால் நிறைய வெதுவெதுப்பான தண்ணீர். பொடி மாஸ்க்காக இருந்தால் அப்படியே உரித்து எடுத்து, பிறகு குளிர்ந்த தண்ணீர். உரித்தபின் லேசான சிவப்பு ஒரு மணி நேரத்துக்குள் போய்விட வேண்டும். உதடோ இமையோ வீங்கினால், மூச்சு இரைத்தால், வீட்டு வைத்தியம் பார்க்காமல் 108-ஐ அழையுங்கள்.

வாசனைப் பொருளும் கெடாமல் காக்கும் மருந்துகளும்தான் ஒவ்வாமையை அதிகம் தூண்டுபவை. எந்தப் புதுப் பாக்கெட்டையும் முகத்தில் போடும் முன், முழங்கையின் உள்பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் போட்டு எடுத்து, இரண்டு நாள் பாருங்கள். பாரிமுனை, சவுகார்பேட்டை மொத்தக் கடைகளில் வாங்கும்போது, பெரிய மூட்டையிலிருந்து ஜிப் கவரில் அள்ளிக் கட்டிய பொடியை வாங்காதீர்கள். தயாரித்தவர் முகவரி, உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி, உள்ளடக்கப் பட்டியல் ஐந்தும் உறையில் இருக்க வேண்டும். இறக்குமதிச் சரக்கில் இறக்குமதியாளர் பெயரும் பதிவுச் சான்றிதழ் எண்ணும் பாருங்கள். 2020 அழகுசாதனப் பொருள் விதிகளின்படி இறக்குமதிக்குப் பதிவு கட்டாயம்.

கண்ணில் பட்டுவிட்டது

கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழற்றிவிட்டு, சுத்தமான தண்ணீரை 15 நிமிடம் விடாமல் ஊற்றுங்கள். உறைந்த துணுக்கு உள்ளே உறுத்தினால் துணி முனையால் எடுக்க முயல வேண்டாம். எழும்பூர் அரசு கண் மருத்துவமனையோ பக்கத்தில் உள்ள வேறு கண் மருத்துவமனையோ போய்விடுங்கள்.

மறுநாள் சின்னச் சின்னப் பொரிகள்

முடியோடு சேர்த்துப் பிடுங்கியதால் ரோமக்கால்கள் வீங்கியிருக்கின்றன. பிதுக்காதீர்கள். ஸ்க்ரப், மஞ்சள், எலுமிச்சை எல்லாம் ஒரு வாரத்துக்கு விடுமுறை. வியர்வையில் ஊறவிடாமல் வெறும் தண்ணீரில் கழுவி, வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் போடுங்கள். நாலைந்து நாளில் அடங்காவிட்டால், சீழ் கோத்தால், மருத்துவரிடம் காட்டுங்கள்.

மூக்கில் கரும்புள்ளி போகவே இல்லை

உரித்த ஜெல்லில் நட்டுக்கொண்டு நிற்கும் வெளிர் நூல்களைப் பார்த்து எல்லோருக்கும் திருப்தி. அவற்றில் பெரும்பகுதி கரும்புள்ளி அல்ல. ரோமக்காலில் இயல்பாகவே இருக்கும் எண்ணெய் இழைகள். எடுத்தாலும் சில வாரங்களில் திரும்ப நிரம்பும், நிரம்பத்தான் வேண்டும். உண்மையான கரும்புள்ளியின் மேல்நுனி மட்டுமே ஜெல்லோடு வரும். வேர் உள்ளேயே இருக்கும். அதனால் 'இன்னும் போகவில்லை' என்று வாரம் மூன்று முறை போடுவதில் பலன் எதுவும் இல்லை. ஜெல் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, பொடி மாஸ்க் வாரம் ஒரு முறை போதும். கரும்புள்ளிக்கு 2 சதவீத சாலிசிலிக் அமிலம் உள்ள ஃபேஸ்வாஷோ லோஷனோ நிதானமாக வேலை செய்யும்; எண்ணெயில் கரைவதால் அது அடைப்புக்குள்ளேயே இறங்குகிறது. பொடி மாஸ்க்கிடம் கரும்புள்ளி வேலையை எதிர்பார்க்கவே வேண்டாம். அது தோலின் ஈரத்தைத் தக்கவைக்கும், குளிர்ச்சி தரும், அவ்வளவுதான்.

தோல் வழன்றுபோய், அப்புறம் கறுக்கிறது

மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் எந்தப் புண்ணும் ஆறும்போது நிறமி கூடுதலாகச் சேரும். வலிக்க வலிக்க உரித்ததன் விலை அன்றைக்குத் தெரியாது. இரண்டு வாரம் கழித்து, மேலுதட்டிலோ கன்னத்திலோ பழுப்புத் திட்டாகத் தெரியும். அது மறைய மாதக்கணக்கில் ஆகும்.

வழன்ற அன்றே செய்ய வேண்டியது: வெறும் குளிர்ந்த தண்ணீரில் கழுவி, ஈரம் ஒற்றி, பெட்ரோலியம் ஜெல்லியை மெலிதாகத் தடவி மூடிவையுங்கள். புண் மூடும்வரை காலையும் இரவும் இதையே செய்யுங்கள். பற்பசை, சுண்ணாம்பு, டெட்டால், கஸ்தூரி மஞ்சள் எதுவும் வேண்டாம். பொருக்கைப் பிய்க்காதீர்கள். வெளியே போனால் குடையோ துப்பட்டாவோ. தோல் மூடியதும் 30 அல்லது அதற்கு மேல் எஸ்பிஎஃப் உள்ள சன்ஸ்கிரீன், இரண்டு விரல் நீளத்துக்குப் பிழிந்து முகத்துக்கும் கழுத்துக்கும். வண்டியில் போகிறவர்கள் மத்தியானம் மறுபடியும் போட வேண்டும். ஹெல்மெட் கண்ணாடி வெயிலை முழுக்கத் தடுக்கும் என்று நினைக்காதீர்கள்.

ஆறு வாரத்தில் திட்டு மங்கத் தொடங்கவில்லை என்றால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். தனியாரிடம் போக வசதியில்லாதவர்களுக்கு ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் மூன்றிலும் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. போகும்போது அந்த மாஸ்க்கின் உறையையும், முகத்துக்குத் தடவி வந்த எல்லா ட்யூபையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள். திட்டை மறைக்க இடையில் பிளீச் மட்டும் போடாதீர்கள்.